தூக்குனா மட்டும் டயருக்கு இடம் வந்துருமா?

"ரெண்டு இஞ்ச் தூக்கிட்டோம்னா 33 தாராளமா உள்ள போயிரும்ணா, ஒண்ணும் உரசாது."

இந்த ஒரு வரியைக் கேட்டுக் கேட்டு காது புளிச்சுப் போச்சு மக்களே. டயர் கடை, ஜீப் வேலை பாக்கற பட்டறை, ஞாயித்துக்கிழமை காலைல ஏற்காடு அடிவாரத்துல டீ குடிக்க நிக்கற தார் கூட்டம், எங்க போனாலும் இதே வேதம்தான். சொல்றவர்கிட்ட "எப்போ உரசாது?"ன்னு ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க. வண்டி கடை வாசல்ல நிக்கும்போது உரசாது. அதைத்தான் சொல்றாங்க. நிக்கற வண்டில எதுதான் உரசும்?

வண்டி சமாச்சாரமெல்லாம் ஆகாதுங்கற பதிவர்களுக்கு ஒரு சின்ன முன்கதை. தார், ஜிம்னி, பழைய ஜிப்ஸி மாதிரி நாலு சக்கரமும் இழுக்கற வண்டி வாங்கற பல பேருக்கு முதல் மாசமே ஒரு ஆசை வந்துரும். பெரிய டயர் போடணும். கம்பெனி விட்டிருக்கற இடத்துல அது போகாது. அதனால சஸ்பென்ஷன்ல எதையாவது செருகி பாடியை உசத்துவாங்க. அதுக்குப் பேர்தான் லிஃப்ட். உசத்தினதுக்கு அப்புறம் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவுல கையை விட்டு ஆட்டலாம் போல இடைவெளி தெரியும். ஆஹா, இடம் கிடைச்சாச்சுன்னு 33 இஞ்ச் டயரை மாட்டி, ரீல்ஸ் எடுத்துப் போட்டு, நாலு பேர் 'மாஸ் தலைவா'ன்னு சொல்லி... சுபம்.

என் சண்டையே அந்த இடைவெளி பத்தித்தான். அது டயர் குடியிருக்கறதுக்கான இடம் இல்லீங்க. ஸ்பிரிங் அமுங்கும்போது சக்கரம் ஏறி வர்றதுக்கான வழி.

பள்ளத்துல விழுந்தா, வேகத்தடைல தூக்கிப் போட்டா, சக்கரம் மேல ஏறும். ஏறி ஏறிக் கடைசியா ஒரு ரப்பர் கட்டைல முட்டி நிக்கும். அதுதான் பம்ப் ஸ்டாப். லாரிக்காரங்க பம்ப் ரப்பர்னு சொல்வாங்க. அதைத் தாண்டி சக்கரம் மேல போக முடியாது. இப்போ நல்லா கவனிங்க. நீங்க ரெண்டு இஞ்ச் தூக்கினீங்க, நாலு இஞ்ச் கூடத் தூக்கினீங்க. ஆனா அந்த ரப்பர் கட்டை இருந்த இடத்துலயேதான் இருக்கு. அப்படின்னா முழுசா அமுங்கறப்ப டயர் போய் நிக்கற இடமும் பழைய இடம்தான். தூக்காத வண்டில 33 எங்க இடிக்குமோ, தூக்கின வண்டிலயும் அதே இடத்துல இடிக்கும். ஒரே ஒரு வித்தியாசம், முன்னாடி சின்னப் பள்ளத்துலயே இடிச்சிருக்கும், இப்போ பெரிய பள்ளத்துல இடிக்கும். முன்னாடி தெருமுனைலயே தெரிஞ்சிருக்கும். இப்போ ஆள், லக்கேஜ் எல்லாம் ஏத்திக்கிட்டு வேகமாப் போறப்ப தெரியவரும்.

இதை எந்தக் கடைக்காரரும் சொல்றதில்ல. சொன்னா வியாபாரம் பாதி படுத்துரும்.

சரி, அந்த 33 நமக்கு என்னதான் குடுக்குதுன்னு கணக்குப் போட்டுப் பாக்கலாம். பள்ளிக்கூடக் கணக்குதான், பயப்படாதீங்க. 2020-ல் வந்த தார்ல 18 இஞ்ச் ரிம்மோட வர்ற டயர் 255/65. அகலம் 255 மி.மீ., பக்கச்சுவர் அதுல 65 சதவீதம், கிட்டத்தட்ட 166 மி.மீ. மேலயும் கீழயும் ரெண்டு சுவர், நடுவுல ரிம் 457 மி.மீ. கூட்டினா 789 மி.மீ., அதாவது ஏறக்குறைய 31 இஞ்ச். நம்ம ஆளுங்க உயிரா நினைக்கற 285/70, 17 இஞ்ச் ரிம்முக்கு 831 மி.மீ. வித்தியாசம் 42 மி.மீ. ஆனா வண்டி நிக்கறது டயரோட நடுவுல இருந்து கீழ்பாதி மேல. அதனால உசரம் கூடறது அதுல பாதி, 21 மி.மீ. நம்ம சுண்டுவிரல்ல ஒரு கணு அளவு.

அந்த 21-ஐ நான் சின்னதுன்னு சொல்லல. கிடைக்கற உண்மையான லாபமே அதுதான். பின்னாடி ஹவுசிங்ல உருண்டையாத் தொங்குதே டிஃப்ரன்ஷியல், பாறைல முதல்ல தட்டறது அதுதான். அதைத் தரைல இருந்து தூக்கறது டயர் ஒண்ணு மட்டும்தான். சஸ்பென்ஷன் லிஃப்ட் அதை ஒரு மில்லிமீட்டர் கூட உசத்தாது. உசர்றது பாடியும் சேஸிஸும். மேடு ஏறும்போது பம்பர் முட்டாம இருக்க, நடு வயிறு தட்டாம இருக்க லிஃப்ட் உதவும், அதை நான் மறுக்கல. ஆனா 'கிரவுண்ட் கிளியரன்ஸ் ரெண்டு இஞ்ச் கூடிருச்சு'ன்னு மார் தட்டறவங்க தயவுசெஞ்சு ஒரு தடவை வண்டிக்குப் பின்னாடி குனிஞ்சு பாத்துருங்க.

இப்போ கொல்லிமலைக்கு வாங்க.

போன வருஷம் நண்பன் ஒருத்தன் தார்ல மேல சொன்னதெல்லாம் செஞ்சான். முன்னாடி ஸ்பேசர், 33 டயர், வெளிய தள்ளி நிக்கற ரிம். கடை பேர் வேண்டாம், அப்படி ஒரு கடை எல்லா ஊர்லயும் இருக்கு. ஸ்டெப்னியோட சேத்து அஞ்சு டயருக்கே பில்லு லட்சத்தைத் தாண்டிருச்சு. சேலம் ரோட்டுல ரெண்டு வாரம் ஓட்டினான், சத்தமே இல்ல. 'பாத்தியா மாப்ளே, ஒண்ணும் உரசல'ன்னு போன்ல பெருமை வேற. அப்புறம் அவன், வீட்டம்மா, ரெண்டு பசங்க, பின்னாடி மூட்டைகளுக்கு நடுவுல நான்னு கொல்லிமலை கிளம்பினோம். காரவள்ளில இருந்து மேல 70 கொண்டை ஊசி வளைவு. கொண்டை ஊசில என்ன நடக்கும்? ஸ்டீரிங்கை முழுசா ஒடிக்கணும். வண்டி வெளிப்பக்கம் சாயும், அந்தப் பக்கத்து முன்சக்கரம் அமுங்கும். முழு ஒடிப்பும் அமுக்கமும் ஒரே நேரத்துல. டயர் இடிக்கறதுக்கு இதைவிடத் தோதான இடத்தை ஒருத்தர் உக்காந்து யோசிச்சாலும் கட்ட முடியாது. அதுவும் 70 தடவை.

பத்தாவது வளைவுக்குள்ளயே 'பர்ர்ர்'ருன்னு சத்தம் ஆரம்பிச்சிருச்சு. இருபதைத் தாண்டினதும் ஒரு இழுவை, ஒரு முறிவு, மீட்டர்ல ஏபிஎஸ் விளக்கு மஞ்சளா எரியுது. இறங்கிப் பாத்தா இடது பக்க மட்கார்டுக்கு உள்ள இருக்கற பிளாஸ்டிக் உறை கிழிஞ்சு டயர்ல சுத்திக்கிட்டு, கூடவே சக்கர வேகத்தை அளக்கற சென்சார் ஒயரையும் பிச்சுக்கிட்டு வந்திருக்கு. ஒரு பக்கம் மலை, இன்னொரு பக்கம் பள்ளம், வண்டிக்குள்ள சின்னப் பசங்க. கடைக்குப் போன் போட்டா, "மட்கார்டு ஓரத்தைக் கொஞ்சம் வெட்டிக்கலாம்ணா, எல்லா வண்டிலயும் அப்படித்தான்"னு கூலா பதில். இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமேய்யா!

முதல் கியர்ல ஊர்ந்து கீழ இறங்கி, நாமக்கல்ல ஒரு லாரிப் பட்டறைல நிறுத்தினோம். அங்க ஒரு மேஸ்திரி. பட்டை கட்டறதுதான் தொழில், தாரெல்லாம் அவருக்கு விளையாட்டுச் சாமான். வண்டியைச் சுத்தி ஒரு ரவுண்டு வந்தார். சேஸிஸுக்கு ஜாக்கி குடுத்து சக்கரத்தைத் தொங்க விட்டார். பிரேக் ஹோஸ் வீணைக் கம்பி மாதிரி விறைச்சு நிக்குது. இன்னும் கொஞ்சம் தொங்கியிருந்தா என்ன ஆயிருக்கும்னு நினைக்கவே எனக்கு வயித்தைக் கலக்குச்சு. அப்புறம் அவர் கேட்டார்: "வண்டி நிக்கறப்ப டயர் எங்க இருக்குன்னு யாரு தம்பி பாக்கச் சொன்னது? லோடு உக்காரும்போது எங்க போவும்னு பாத்தீங்களா? தொங்கறப்ப எங்க போவும்னு பாத்தீங்களா?"

லட்ச ரூபாய் பில்லு போட்ட கடைல இந்த ரெண்டு கேள்வியும் யாருக்கும் தோணலங்கறதுதான் எனக்கு ஆத்திரம்.

அந்த ஸ்பேசரைப் பத்தியும் பேசியாகணும். தாருக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் தனித்தனி சஸ்பென்ஷன், ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு. அதோட மண்டைல ஒரு அலுமினிய வட்டை வெச்சு போல்ட் முறுக்கறதுதான் ஸ்பேசர் லிஃப்ட். ஷாக்ஸ் கீழ்க்கைல சக்கரத்துக்கு உள்பக்கமா உக்கார்றதால, ஒரு இஞ்ச் வட்டு வெச்சா சக்கரத்துகிட்ட அதைவிடக் கூடுதலா இறங்கும். குறைஞ்ச செலவுல நிறைய உசரம்! சந்தோஷமா இருக்கா? ஷாக்ஸோட தண்டு நீளம் கூடல, மொத்தமா கீழ தள்ளி வெச்சிருக்கோம், அவ்வளவுதான். அதனால தொங்கறப்ப கம்பெனி நினைச்சுப் பாக்காத ஆழத்துக்குக் கை இறங்கும். பால் ஜாயிண்ட் கடைசி வரைக்கும் சாயும், ஆக்ஸில் ஜாயிண்ட் கோணலா சுத்தும், அதோட ரப்பர் பூட் கிழிஞ்சு கிரீஸ் சிதறும். அமுங்கறப்ப, சக்கரம் பம்ப் ஸ்டாப்பைத் தொடறதுக்கு முன்னாடியே ஷாக்ஸ் உள்ள அடிமட்டத்துல இடிச்சிரும். அதாவது எழுபது ரூபாய் ரப்பர் வாங்க வேண்டிய அடியை, ஆயிரக்கணக்குல விலை உள்ள ஷாக்ஸ் வாங்கிக்கும். 'தூக்கினதுக்கு அப்புறம் வண்டி கட்டையா குதிக்குதுங்க'ன்னு புலம்பறவங்களுக்கு காரணம் இதுதான்.

ஜிம்னிக்காரங்க சிரிக்காதீங்க, உங்களுக்கும் இருக்கு. ஜிம்னில முன்னும் பின்னும் ஒரே தண்டு ஆக்ஸில், ஸ்பிரிங் தனி, ஷாக்ஸ் தனி. நீளமான ஸ்பிரிங் மட்டும் போட்டு பழைய ஷாக்ஸை அப்படியே விட்டா, ஏறின ரெண்டு இஞ்சும் சக்கரம் கீழ தொங்கற பயணத்துல இருந்து கழிஞ்சிரும். கரடுமுரடுல சக்கரம் தரையைத் தொட்டுக்கிட்டே இருக்கத்தானே இந்த வண்டியை வாங்கினோம்? இப்போ அது முன்னைவிடச் சீக்கிரமா அந்தரத்துல நிக்கும். அதோட ஆக்ஸிலைப் பக்கவாட்டுல பிடிச்சிருக்கற குறுக்குத் தண்டு ஒரு வில் போட்ட மாதிரி சுத்தறதால, வண்டி உசந்தா ஆக்ஸில் ஒரு பக்கமா நகரும். ஒரு பக்க டயர் வெளிய துருத்தும், இன்னொண்ணு உள்ள ஒட்டும். முன்னாடி காஸ்டர் கோணம் குறையும். நேர் ரோட்டுல கையை லேசா விட்டா வண்டி தானா அலையுதுன்னா அதான் அர்த்தம். இதுக்கெல்லாம் திருத்தம் உண்டு. நீளம் மாத்தக்கூடிய தண்டு, காஸ்டர் புஷ், நீளமான ஷாக்ஸ், நீளமான பிரேக் ஹோஸ். எல்லாத்தையும் சேத்துப் போட்டாத்தான் அது லிஃப்ட். ஸ்பிரிங் மட்டும் போட்டா அது அரைகுறை.

பழைய ஜிப்ஸி, பட்டை வெச்ச வண்டி. அதுல ஷேக்கிளை நீட்டறது ஒரு கலை. ரெண்டு இஞ்ச் நீட்டினா ஒரு இஞ்ச் உசரும். கூடவே ஆக்ஸிலும் திரும்பிக்கும், காஸ்டர் போயிரும். இதைச் செய்யறவங்க இன்னும் இருக்காங்க. அவ்வளவுதான் அதைப் பத்தி.

அப்போ பெரிய டயரே போடக்கூடாதாங்கறீங்களா? போடுங்க சாமி, வேண்டாம்னு எவன் சொன்னான். ஆனா வரிசையை மாத்துங்க. முதல்ல டயர் முழுசா அமுங்கினா எங்க போகுதுன்னு பாக்கணும். சரியான முறை, ஸ்பிரிங்கைக் கழட்டிட்டு, ஜாக்கியால சக்கரத்தை பம்ப் ஸ்டாப் முட்டற வரைக்கும் ஏத்தி, அந்த நிலைல ஸ்டீரிங்கை இந்தக் கடைசில இருந்து அந்தக் கடைசி வரைக்கும் ஒடிச்சுப் பாக்கறது. மட்கார்டு, உள்ள சேஸிஸ், மேல்க்கை, ஸ்டெபிலைசர் பார், ஹோஸ், ஒயர், எல்லாத்துக்கும் நடுவுல விரல் போகணும். அப்புறம் சக்கரத்தைத் தொங்க விட்டு ஹோஸும் ஒயரும் தளர்வா இருக்கான்னு பாக்கணும். ஒரு கடைல அரை நாள் வேலை. வீட்டுல அவ்வளவு முடியாதுன்னா, ஒரு முன்சக்கரத்தையும் குறுக்கால இருக்கற பின்சக்கரத்தையும் உறுதியான மேட்டுல ஏத்தி நிறுத்தி, டயர் தோள்ல சுண்ணாம்பைத் தடவி, மெதுவா ஸ்டீரிங்கை ஒடிங்க. உரசின இடத்துல வெள்ளையா கையெழுத்துப் போட்டிருக்கும். நேருக்கும் ரிவர்ஸுக்கும் தனித்தனியா பாருங்க. இது முழுச் சோதனை இல்ல, ஆனா கடைக்காரர் வாய்ச்சொல்லைவிட நம்பிக்கையானது.

உரசுதுன்னா மருந்து லிஃப்ட் இல்ல. பம்ப் ஸ்டாப்பை நீட்டலாம். மேல ஏறற பயணம் கொஞ்சம் குறையும், டயர் பிழைக்கும். மட்கார்டு உள் ஓரத்தை முறையா வெட்டி மடிக்கலாம். இல்ல, அகலத்தைக் குறைக்கலாம். 235/85, 16 இஞ்ச் ரிம்முக்கு 806 மி.மீ. உசரம். 285-ஐவிட 25 மி.மீ. தான் உசரம் கம்மி, ஆனா அகலம் 50 மி.மீ. கம்மி. ஒடிக்கறப்ப உள்ளயும் வெளியவும் இடிக்காது. பாக்க 'மாஸ்' இருக்காது, அதான் யாரும் வாங்கறதில்ல. ரிம்மை வெளிய தள்ளறது மட்டும் மருந்துன்னு நினைச்சுடாதீங்க. உள்ள உரசறது நிக்கும், ஆனா ஸ்டீரிங் ஒடிக்கும்போது டயர் பெரிய வட்டம் போட்டு பம்பர் மூலைலயும் மட்கார்டு பின்பக்கத்துலயும் போய் இடிக்கும். பேரிங்குக்கும் சுமை கூடும்.

ஐஸ்லாந்துல ஆர்க்டிக் டிரக்ஸ்னு ஒரு நிறுவனம். 2007-ல் டாப் கியர்காரங்க காந்த வடதுருவத்துக்கு ஹைலக்ஸ் ஓட்டிட்டுப் போனாங்களே, அந்த வண்டியைத் தயார் பண்ணினவங்க. 38 இஞ்ச் டயர். அதுக்கு இடம் எப்படிப் பண்றாங்க? மட்கார்டைத் தாராளமா வெட்டி, அகல உறை போட்டு. வண்டியை வானத்துக்குத் தூக்கி இல்ல. தூக்கினா புவியீர்ப்பு மையம் ஏறும், சரிவுல உருளும்னு அவங்களுக்குத் தெரியும். பனில மிதக்கறதுக்கு அவங்க பெரிசா நம்பறது டயர்ல காத்தை இறக்கறதைத்தான்.

நம்ம ஊர்ல அந்த இலவச வித்தையை எத்தனை பேர் செய்யறோம்? மணல்லயோ சேத்துலயோ இறங்கறதுக்கு முன்னாடி 35-ல இருக்கற காத்தை 18-க்குக் குறைச்சா, கம்பெனி டயரே நீளமா தரையைக் கவ்விப் பிடிக்கும். ரோட்டுக்கு வந்ததும் மறுபடி அடிச்சுக்கணும், அதுக்கு ஒரு சின்ன கம்ப்ரஸர் போதும். 33 போட்டு 35-லயே மணல்ல இறங்கி வயித்தோட உக்காந்துக்கிட்டு, கம்பெனி டயர்ல வந்த ஜிம்னி கயிறு கட்டி இழுத்து விட்ட காட்சியை நானே பாத்திருக்கேன் :-)

இன்னொரு சின்னக் கணக்கு. 789-க்குப் பதில் 831 போட்டா சுத்தளவு அஞ்சு சதவீதத்துக்கு மேல கூடும். மீட்டர் துல்லியமா இருந்ததுன்னு வெச்சுக்கிட்டா, 80 காட்டும்போது போறது 84. கிலோமீட்டரும் அதே அளவு கம்மியா எண்ணும். 'மைலேஜ் விழுந்துருச்சு'ங்கற புலம்பல்ல ஒரு பங்கு மீட்டரோட பொய். மீதி நிஜம், கனமான டயரை உருட்டவும் நிறுத்தவும் ஆகற செலவு. பிரேக் மட்டும் பழசுதான். ஹெட்லைட்டும் உசந்து எதிர்ல வர்றவன் கண்ணுல அடிக்கும். அதைத் திருப்பி இறக்கி வெக்கணும்னு ஒரு கடையும் சொல்லி நான் கேட்டதில்ல.

'கோவா ரெயின்ஃபாரெஸ்ட் சேலஞ்ச்ல எல்லாரும் தூக்கித்தான் ஓட்டறாங்க'ம்பீங்க. ஓட்டறாங்க. அந்த வண்டிகள்ல ரோல் கேஜ், ஹெல்மெட், நாலு முனை பெல்ட். பல வண்டி லாரில ஏறித்தான் அங்க போய்ச் சேருது. பசங்களை ஏத்திக்கிட்டு கொல்லிமலை போறதில்ல.

கடைசியா சட்டம். மோட்டார் வாகனச் சட்டத்தோட 52-வது பிரிவு, தயாரிப்பாளர் குடுத்த அளவுகளை மாத்தக்கூடாதுங்குது. 2019 ஜனவரில உச்ச நீதிமன்றமும் கேரள வழக்கு ஒண்ணுல அதையேதான் உறுதி பண்ணுச்சு. அதே வருஷத் திருத்தத்துல வந்த 182ஏ படி மாற்றம் ஒண்ணுக்கு 5,000 ரூபாய் அபராதம், இல்லேன்னா ஆறு மாசம் வரை சிறை, இல்லேன்னா ரெண்டும். நான் சட்டத்துக்குக் கொடி பிடிக்க வரல. ஆஸ்திரேலியால நியூ சவுத் வேல்ஸ் மாதிரி மாநிலங்கள்ல இத்தனை மில்லிமீட்டர் வரைக்கும் சரி, அதுக்கு மேல போனா பொறியாளர் பாத்து சான்றிதழ் குடுக்கணும்னு விதி இருக்கு. நமக்கு அப்படி ஒரு நடுவழி இல்ல. ஒழுங்கா அளந்து, ஹோஸ் மாத்தி, பம்ப் ஸ்டாப் நீட்டிச் செஞ்சவனும் குற்றவாளி, அலுமினிய வட்டு செருகினவனும் குற்றவாளி. இதுல யாருக்கு லாபம்? வட்டு செருகற கடைக்குத்தான். நண்பனோட பில்லை வாங்கிப் பாத்தேன். டயர் அஞ்சு, ரிம் அஞ்சு, 'அலைன்மென்ட் மற்றும் கூலி'. லிஃப்ட்ங்கற வார்த்தையே அதுல இல்ல. மலைல ஏதாவது ஆகியிருந்தா, இன்சூரன்ஸ்காரன் வண்டியைப் பாத்துக் கையை விரிச்சிருப்பான், கடைக்காரன் பில்லைக் காட்டிக் கையை விரிச்சிருப்பான்.

அதனால அடுத்த தடவை 'தாராளமா உள்ள போயிரும்ணா'ன்னு யாராவது சொன்னா, ஸ்பிரிங்கைக் கழட்டிட்டு பம்ப் ஸ்டாப் வரைக்கும் ஏத்தி, ஒடிச்சுக் காட்டச் சொல்லுங்க. காசு குடுக்கறதுக்கு முன்னாடி.

டிஸ்கி: 'உன் வண்டில என்ன டயர்?'னு கேக்கப் போறவங்களுக்கு: 2010-ல் வந்த மாடல் தார், கம்பெனி அளவு 235/70, 16 இஞ்ச். லிஃப்ட் கிடையாது. ஒரு டயர் பிரஷர் கேஜ் இருக்கு, ஒரு சின்ன கம்ப்ரஸர் இருக்கு. அதுவும் போன வாரம் பக்கத்து வீட்டுப் பையன் சைக்கிளுக்குக் காத்தடிக்க வாங்கிட்டுப் போனான், இன்னும் திரும்பி வரல.